எடை தூக்கினால் வலி குறையுமா? சமையலறைத் தராசை வைத்து நீங்களே பார்க்கலாம்

போன வருடம் ஒரு சாயங்காலம். ஜிம்மிலிருந்து வந்து கை கழுவும்போது சுருக்கென்று எரிந்தது. பார்த்தால் வலது நடுவிரல் முட்டியில் தோல் உரிந்து, ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. டம்பெல்லைத் தாங்கியில் திரும்ப வைக்கும்போது இரும்பில் உரசியிருக்க வேண்டும். எப்போது உரசியது என்று இன்று வரை எனக்குத் தெரியாது. இதே விரல் காலையில் தேங்காய் துருவும்போது உரிந்திருந்தால் வீட்டையே கூட்டியிருப்பேன்.

கவனம் வேறெங்கோ இருந்திருக்கும், அதனால் தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை ஆய்வுக்கூடங்களில் பல வருடங்களாக அளந்துகொண்டிருக்கிறார்கள். ஆரோக்கியமான ஒருவர் தசைக்கு நன்றாக வேலை கொடுத்து முடித்ததும், கொஞ்ச நேரத்துக்கு அவருடைய உடம்பு வலியைக் குறைத்தே உணர்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு ‘எக்ஸர்சைஸ் இண்ட்யூஸ்ட் ஹைப்போஆல்ஜீசியா’ என்று வாய் சுளுக்கும் அளவுக்கு ஒரு பெயர் உண்டு. நாம் ‘பயிற்சி வலிக்குறைவு’ என்று வைத்துக்கொள்வோம்.

எடைப் பயிற்சிக்குப் புதிதாக வருகிறவர்கள் இதை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? முதல் இரண்டு மாதத்தில் அவர்களைக் குழப்புவது எடையைவிட வலிதான். பயிற்சியின்போது எரிகிறது, முடிந்ததும் காணாமல் போகிறது, மறுநாள் படிக்கட்டில் இறங்க முடியவில்லை, நான்காம் நாள் ஒன்றுமே இல்லை. எது நல்லது, எது கெட்டது என்று தெரியாமல் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். மீதிப் பேரில் சிலர் வலிக்கவில்லையே என்று அளவுக்கு மீறிப் போய் அடிபட்டுக்கொள்கிறார்கள். ஒரு தடவை உங்கள் உடம்பிலேயே அளந்து பார்த்துவிட்டால் இந்தக் குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்.

தேவையானவை: டிஜிட்டல் சமையலறைத் தராசு, புது அழிரப்பர் ஒன்று, நோட்டு, பேனா, ஒரு வெறும் சுவர். மூன்று வாரத்தில் ஐந்தாறு நாள் ஒதுக்கினால் போதும்.

ஆரம்பிக்கும் முன்: யாருக்கு இது வேண்டாம்

இது ஆரோக்கியமானவர்களுக்கான விஷயம். இதய நோய், கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம், சர்க்கரையால் விரல்களில் மரப்பு, சமீபத்தில் நடந்த அறுவை சிகிச்சை, கர்ப்பம் ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். மாதக்கணக்காக உடம்பு முழுக்க வலி இருப்பவர்களுக்கும் இதே சொல். அவர்களில் பலருக்குப் பயிற்சி முடிந்ததும் வலி குறைவதற்குப் பதில் கூடுகிறது. உடம்பு முழுக்க நாள்பட்ட வலி தரும் ஃபைப்ரோமயால்ஜியா என்ற நோய் உள்ளவர்களிடம் இது 1990-களிலேயே பதிவாகியிருக்கிறது. அவர்களுக்கும் பயிற்சி உதவும். ஆனால் அளவும் வேகமும் வேறு, அதைத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

படி 1: வலிக்கு இரண்டு புள்ளிகள் உண்டு

விரலை எதன் மேலாவது வைத்து மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். முதலில் வெறும் அழுத்தம்தான் தெரியும். ஒரு கட்டத்தில் ‘இனி இது அழுத்தம் இல்லை, வலி’ என்று மாறும். அதுதான் வலி தொடங்கும் புள்ளி. விடாமல் அழுத்தினால் ‘போதும்டா சாமி’ என்று கையை எடுக்கிற இடம் வரும். அது தாங்கும் எல்லை.

இரண்டும் ஒன்றல்ல. ஒருவருக்கு வலி சீக்கிரமே தொடங்கலாம், ஆனால் நெடுநேரம் தாங்குவார். இன்னொருவருக்கு நேர்மாறு. இந்தக் கட்டுரையில் நாம் அளக்கப்போவது தொடங்கும் புள்ளியை மட்டும்தான். தாங்கும் எல்லையை வீட்டில் அளக்க வேண்டாம். வீம்பில் விரலைக் கன்றிப்போக வைப்பதில் எந்தப் பயனும் இல்லை.

இன்னொன்று. வலி என்பது தசையிலோ தோலிலோ உட்கார்ந்திருக்கும் பொருள் அல்ல. அங்கிருந்து கிளம்பும் சைகைகள் முதுகுத்தண்டு வழியாக மூளைக்குப் போகின்றன. போகிற வழியில் அவற்றைக் கூட்டவும் குறைக்கவும் இடங்கள் இருக்கின்றன. 1965-இல் மெல்சாக், வால் என்ற இருவர் முன்வைத்த ‘வாயில்’ கோட்பாடு பிரபலமானதே இதனால்தான். முதுகுத்தண்டில் ஒரு கதவு இருப்பதுபோலவும், அது திறப்பதையும் சாத்துவதையும் பொறுத்து வலி கூடிக் குறைவதுபோலவும் அவர்கள் விளக்கினார்கள். மூளைத்தண்டிலிருந்தும் ‘கொஞ்சம் அடக்கி வாசி’ என்று கீழ்நோக்கிக் கட்டளை வரும். தசை கடினமாக வேலை செய்யும்போது இந்தக் கட்டளை பலமாகிறது என்பதுதான் பயிற்சி வலிக்குறைவுக்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கம்.

கட்டளையைச் சுமந்து போவது எது? எல்லோரும் எண்டார்ஃபின் என்பார்கள், உடம்பே சுரக்கும் வலி நீக்கி அது. அதற்குப் பங்கு உண்டு, ஆனால் அது மட்டும் அல்ல. அமெரிக்க ஆய்வாளர் கெல்லி கோல்டினும் குழுவினரும் 2014-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், எண்டார்ஃபின் போய் ஒட்டி வேலை செய்யும் இடங்களான ஓபியாய்டு ஏற்பிகளை அடைத்துவிடும் நால்ட்ரெக்ஸோன் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, முழு பலத்தில் கால்பங்கு அழுத்தத்தில் 3 நிமிடம் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். மாத்திரை போட்டும் வலி குறைந்தது. ரத்தத்தில் உடம்பே தயாரிக்கும் கஞ்சா வகை வேதிப்பொருள்கள் கூடியிருந்தன. அவற்றில் ஒன்றின் பெயர் அனந்தமைடு. 1992-இல் ஜெருசலேமில் அதைக் கண்டுபிடித்தவர்கள் ‘ஆனந்தம்’ என்ற நம் பக்கத்துச் சொல்லிலிருந்தே அந்தப் பெயரை எடுத்தார்கள். மூன்றாவது செட் முடிந்து தரையில் கிடக்கும்போது இதை நினைத்துக்கொள்வேன், ஆனந்தமாகத்தான் இருக்கும்.

படி 2: தராசைத் தயார் செய்யுங்கள்

ஆய்வுக்கூடத்தில் இதற்கு அழுத்தமானி என்ற கருவி இருக்கிறது. பெரும்பாலும் 1 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ரப்பர் முனையைத் தோலில் வைத்து ஒரே வேகத்தில் அழுத்தி, வலி தொடங்கும்போது எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். நமக்குச் சமையலறைத் தராசே போதும்.

தராசை மேசையில் வையுங்கள். 10 கிலோ வரை காட்டுவது நல்லது. 5 கிலோ தராசானால் அந்த எண்ணைத் தாண்டி அழுத்தாதீர்கள், உள்ளே இருக்கும் உணரி கெட்டுவிடும். தராசின் தட்டில் அழிரப்பரை ஒடுங்கிய பக்கம் மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். ஆடினால் அடியில் ஒரு பொட்டு இரட்டைப்பக்க டேப் ஒட்டிக்கொள்ளலாம். பிறகு தராசைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள்.

அதிகம் புழங்காத கையின் நடுவிரலை எடுத்துக்கொள்ளுங்கள். நகத்தின் பக்கம் அல்ல, அதற்கு அடுத்த நடுக் கணுவின் மேற்புறம். அங்கே சதை குறைவு, எலும்பு பக்கத்திலேயே இருக்கும். அந்த இடத்தைக் கவிழ்த்து ரப்பரின் மேல் வைத்து, மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியபடி ஒவ்வொரு எண்ணுக்கும் சுமார் அரைக் கிலோ கூடும்படி அழுத்துங்கள். அழுத்தம் வலியாக மாறும் அந்த நொடியில் எண்ணைப் பார்த்துவிட்டுக் கையை எடுங்கள். அரை நிமிடம் விட்டு மறுபடியும். மூன்று தடவை எடுத்துச் சராசரி போட்டு நோட்டில் எழுதுங்கள்.

முதல் நாள் எண்கள் தாறுமாறாக வரும். எனக்கு ஒரே உட்காரலில் 2.4, 3.3, 2.9 என்று வந்தது. அழுத்தும் வேகம் மாறினால் எண்ணும் மாறும் என்பதுதான் காரணம். இரண்டு நாள் சும்மா பழகிய பிறகு கை ஒரு வேகத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு எடுப்பதைத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கூடவே தொடையிலும் ஓர் அளவு வேண்டும். அங்கே தராசு உதவாது. உட்கார்ந்து காலை நீட்டி, முழங்காலுக்கு ஒரு சாண் மேலே தொடையின் முன்பக்கம் கட்டைவிரலால் ஒரே மாதிரி அழுத்தி, 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். துல்லியம் குறைவுதான். இருந்தாலும் 2-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும்.

அளக்கும் நாட்களில் வலி மாத்திரை கூடாது. காப்பி குடிப்பவரானால் எல்லா அளவு நாட்களிலும் ஒரே நேரத்தில், ஒரே அளவு. காஃபீனுக்கே பயிற்சி நேரத்துத் தசை வலியைக் குறைக்கும் குணம் உண்டு. ஒரு நாள் குடித்துவிட்டும் ஒரு நாள் குடிக்காமலும் அளந்தால் காப்பியைத்தான் அளந்திருப்பீர்கள்.

படி 3: ஒன்றும் செய்யாத ஒரு நாள்

எல்லோரும் தாண்டிப் போக நினைக்கும் படி இது. தாண்டினால் மீதி எல்லாம் வீண்.

பயிற்சி இல்லாத ஒரு நாளில், பயிற்சி செய்யும் அதே நேரத்தில் விரலை அளங்கள். பிறகு 40 நிமிடம் சும்மா உட்காருங்கள். போனில் சண்டை வீடியோ பார்க்காமல், புத்தகமோ பாட்டோ வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி அளங்கள். 15 நிமிடம் கழித்து இன்னொரு தடவை.

ஏனென்றால் திரும்பத் திரும்ப அழுத்துவதே எண்ணை மாற்றும். முதல் தடவை இருக்கும் பயம் இரண்டாம் தடவை இருக்காது. சில பேருக்கு அந்த இடம் நொந்து எண் குறையவும் செய்யும். பயிற்சி செய்த நாளின் மாற்றம், சும்மா இருந்த நாளின் மாற்றத்தைவிடப் பெரிதாக இருந்தால்தான் அது பயிற்சியின் வேலை. எடைப் பயிற்சியையும் வலியையும் சேர்த்துப் பார்த்த ஆரம்ப கால ஆய்வுகளில் ஒன்று 1998-இல் கோல்டினும் ஆர்போகாஸ்டும் செய்தது. அவர்களும் பங்கேற்ற ஒவ்வொருவரையும் ஒரு நாள் எடை தூக்க வைத்து, இன்னொரு நாள் அமைதியாக உட்கார வைத்துத்தான் ஒப்பிட்டார்கள்.

படி 4: சுவரில் சாய்ந்து மூன்று நிமிடம்

எடை தூக்கும் முன்பு, அசையாமல் பிடித்து நிற்கும் ஒரு பயிற்சியில் தொடங்குவோம். ஆரோக்கியமானவர்களை வைத்து நடந்த ஆய்வுகளை 2012-இல் மொத்தமாகத் தொகுத்துப் பார்த்தபோது ஓட்டம், சைக்கிள், எடை, அசையாப் பிடிப்பு எல்லாமே வலியைக் குறைத்தன. வலி தொடங்கும் புள்ளியை அதிகம் உயர்த்தியது இந்த அசையாப் பிடிப்புதான்.

முதுகைச் சுவரில் ஒட்டி, பாதங்களை இரண்டடி முன்னால் வைத்து, நாற்காலியில் உட்காருவதுபோலச் சரியுங்கள். தொடை தரைக்குச் சமமாக வர வேண்டிய அவசியம் இல்லை. அதற்குக் கொஞ்சம் மேலேயே நிறுத்தலாம். முழங்கால் பாதத்தைத் தாண்டி முன்னால் போகக் கூடாது. கைகள் தொங்கட்டும், தொடையில் ஊன்ற வேண்டாம். மூச்சை அடக்காதீர்கள். அடக்கினால் ரத்த அழுத்தம் விர்ரென்று ஏறும். மெதுவாகப் பேச முடிகிறதா என்று நடுநடுவே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் 40 விநாடி இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஒரு நிமிடத்தில் தொடை சூடாகும். ஒன்றரை நிமிடத்தில் கால் உதற ஆரம்பிக்கும். இலக்கு 3 நிமிடம்; முடியாவிட்டால் முடிந்த இடத்தில் கையைச் சுவரில் ஊன்றி எழுந்துவிடுங்கள். உடனே விரல், பிறகு தொடை, இரண்டையும் அளந்து எழுதுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடியும்.

பெரும்பாலானவர்கள் எதிர்பார்க்காத விஷயம், வேலையே செய்யாத விரலிலும் வலி குறைவது, அதாவது தராசில் எண் ஏறுவது. கால்தானே உழைத்தது, விரலுக்கு என்ன வந்தது? கீழ்நோக்கி வரும் கட்டளை உடம்பு முழுவதற்கும் போகிறது என்பதற்கு இது சாட்சி. உழைத்த இடத்தில் மாற்றம் கூடுதலாகவும் தொலைவில் குறைவாகவும் இருப்பது வழக்கம்.

எவ்வளவு பலம் போடுவது என்பதிலும் ஒரு சுவாரசியம் உண்டு. 2008-இல் வந்த ஓர் ஆய்வில், முழங்கையை மடக்கிப் பிடிக்கும் பயிற்சியை வெவ்வேறு அளவில் செய்ய வைத்தார்கள். முழு பலத்தையும் சில விநாடி காட்டியதைவிட, கால்பங்கு பலத்தில் கை தளர்ந்து விழும்வரை பிடித்தபோதுதான் வலி அதிகம் குறைந்தது. பெரிய எடை இல்லாத வீட்டுப் பயிற்சிக்காரர்களுக்கு இது நல்ல செய்தி.

படி 5: எடையோடு ஒரு முழு அமர்வு

1998 ஆய்வில் 45 நிமிடம் எடை தூக்கினார்கள். ஒரே தடவை தூக்க முடிகிற அதிகபட்ச எடையில் 75 சதவீதம், 10 தடவை வீதம் 3 செட். முடிந்து 5 நிமிடத்தில் அளந்தபோது விரலில் வலி தொடங்கும் புள்ளி உயர்ந்திருந்தது.

புதியவர்கள் அதிகபட்ச எடையைச் சோதித்துப் பார்க்கவே கூடாது. அதற்கு ஒரு குறுக்கு வழி: 10 தடவைக்கு மேல் தூக்க முடியாத எடை ஏறக்குறைய அந்த 75 சதவீதம்தான். முதல் இரண்டு வாரம் அதற்கும் கீழேயே இருங்கள். 10 முடித்த பிறகு ‘இன்னும் மூன்று போட்டிருக்கலாம்’ என்று தோன்றும் எடை சரி.

ஜிம் இல்லாதவர்கள் வீட்டில் இப்படிச் செய்யலாம். ஐந்து நிமிடம் நடந்து, கையைச் சுழற்றி உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு மார்போடு ஒரு 5 லிட்டர் தண்ணீர் கேனை அணைத்துக்கொண்டு பஸ்கி. தண்டால் வராதவர்கள் கட்டில் விளிம்பிலோ சுவரிலோ கை ஊன்றித் தண்டால். அப்புறம் அதே கேனை ஒரு கையில் பிடித்து, மறு கையை நாற்காலியில் ஊன்றிக் குனிந்து, முழங்கையை இடுப்புப் பக்கம் இழுப்பது. கடைசியாகத் தோளுக்கு மேல் தூக்குவது. ஒவ்வொன்றும் 10 தடவை, 3 செட், நடுவில் ஒன்றரை நிமிடம் ஓய்வு. தூக்கும்போது மூச்சை விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். 40 நிமிடம் ஓடிவிடும்.

முடிந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து அளங்கள். ஈரக் கை ரப்பரில் வழுக்கும். 1 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடம், 30 நிமிடம் என நான்கு தடவை.

இங்கே ஒரு எச்சரிக்கை: பெரிய மாற்றம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். இது மயக்க மருந்து அல்ல. என் விரலில் 3 கிலோவுக்குப் பக்கத்தில் இருந்தது மூன்றரையைத் தொடும், அவ்வளவுதான். சில நாள் அதுவும் இல்லை. ஆயுளும் குறைவு. கோல்டின் இன்னொருவரோடு சேர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில் காலையில் தூக்கினாலும் மாலையில் தூக்கினாலும் வலி குறைந்தது. ஆனால் கால் மணி நேரத்தில் பழையபடி ஆகிவிட்டது. உங்கள் நோட்டிலும் 15, 30 நிமிட எண்கள் முதல் எண்ணை நோக்கி இறங்கிவருவதைப் பார்ப்பீர்கள்.

செட்டின் கடைசியில் தசை எரிகிறதே, அது வேறு கணக்கு. உழைக்கும் தசையில் சேரும் பொருள்கள் நரம்பு முனைகளைத் தூண்டுவதால் வரும் எரிச்சல் அது. எடையை வைத்தவுடன் ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

படி 6: மறுநாள் காலை

நான் ஜிம்மில் சேர்ந்த முதல் நாள், அங்கிருந்த ட்ரெய்னர் தம்பி உற்சாகத்தில் எனக்கு ஐந்து வகைக் கால் பயிற்சி கொடுத்தார். ‘அண்ணே, வலிக்குதா?’ என்று கேட்டுக் கேட்டுத்தான் கொடுத்தார். எனக்கு வலிக்கவில்லை. பெருமையாக ‘இல்லப்பா, போடு’ என்றேன். மூன்றாம் நாள் அலுவலக மாடியிலிருந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகத் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்கினேன். கீழே நின்ற செக்யூரிட்டி அண்ணன் எதையும் கேட்காமல் என் பையை வாங்கிக்கொண்டார்.

ட்ரெய்னர் தம்பி கேட்ட கேள்வி தப்பில்லை, கேட்ட நேரம்தான் தப்பு. பயிற்சி நடக்கும்போதும் முடிந்த கையோடும் உடம்பு வலியைக் குறைத்துக் காட்டுகிறது. அந்த நேரத்தில் ‘வலிக்கவில்லை’ என்பது போதுமான அளவு செய்துவிட்டோமா என்பதற்குப் பதில் ஆகாது. உண்மைக் கணக்கு 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வரும்.

இந்தத் தாமத வலிக்கு லாக்டிக் அமிலம் காரணம் என்று இன்னும் ஜிம்களில் சொல்கிறார்கள். அந்த அமிலம் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். வலியோ மறுநாள்தான் தொடங்குகிறது. 1902-லேயே தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியலாளர் இது தசைக்குள் ஏற்படும் நுண்ணிய கிழிசல் சம்பந்தப்பட்டது என்று எழுதிவிட்டார். தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போது, அதாவது பஸ்கியில் கீழே இறங்கும்போது, மலையிலிருந்து இறங்கும்போது, எடையை மெதுவாக இறக்கும்போது இது அதிகம். பிறகு வரும் அழற்சியால் அங்குள்ள நரம்பு முனைகள் கூடுதலாகச் சுறுசுறுப்பாகின்றன. சாதாரண அழுத்தமே வலியாகத் தெரிவது அதனால்தான்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடையைக் கட்டைவிரலால் அழுத்தி மதிப்பெண் போடுங்கள். விரலையும் தராசில் வையுங்கள். தொடையில் எண் 2-லிருந்து 5, 6-க்குத் தாவியிருக்கும். விரலில் பெரும்பாலும் மாற்றம் இருக்காது. ஒரே பயிற்சி, சில நிமிடத்துக்கு உடம்பு முழுக்க வலியைக் குறைத்தது, இரண்டு நாளுக்கு ஒரே இடத்தில் கூட்டியது. இரண்டும் ஒரே பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் இருக்கும்.

மதிப்பெண் 3-க்கு மேல் இருக்கும்வரை அந்தத் தசைக்குக் கடினமான வேலை வேண்டாம். நடக்கலாம், மற்ற தசைகளுக்குப் பயிற்சி கொடுக்கலாம். அதே பயிற்சியை அடுத்த வாரம் செய்யும்போது வலி பாதியாகக் குறைந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஒரு தடவை பட்ட தசை அடுத்த தடவைக்குத் தன்னைத் தயார் செய்துகொள்கிறது. வாரத்துக்கு இரண்டு அமர்வு, நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்குச் சொன்ன குறைந்தபட்சமும் வாரத்துக்கு இரண்டு நாள் தசைப் பயிற்சிதான்.

ஆனால் இவற்றைத் தாமத வலி என்று தள்ளிவிடாதீர்கள்: தசையில் இல்லாமல் மூட்டுக்குள் குத்தும் வலி, ஒரு குறிப்பிட்ட அசைவில் மட்டும் வெட்டுகிற வலி, கை கால் வழியே ஓடும் மரப்பு, நான்கைந்து நாள் ஆகியும் குறையாத வலி. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, தசை வீங்கிக் கல் மாதிரி இறுகினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை உடைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது, முதல் நாளே அளவுக்கு மீறிச் செய்தவர்களுக்குத்தான் அதிகம் வரும். நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி என்றால் காத்திருக்கவே கூடாது.

படி 7: இதை எதற்குப் பயன்படுத்தலாம்

நான் செய்வது இதுதான். முழங்காலிலோ தோளிலோ ஏதாவது இழுத்த மாதிரி இருந்தால், பயிற்சி முடிந்தவுடன் ‘சரியாகிவிட்டது’ என்று முடிவு செய்வதில்லை. வீட்டுக்கு வந்து குளித்து, அரை மணி நேரம் ஆன பிறகு அந்த இடத்தை அசைத்துப் பார்ப்பேன். அப்போது எப்படி இருக்கிறதோ, அதை வைத்துத்தான் அடுத்த நாள் திட்டம். அதேபோல ‘இன்று சுலபமாக இருக்கிறதே’ என்று கடைசி செட்டில் எடையைக் கூட்டுவதும் இல்லை. எடை கூட்டுவது அடுத்த அமர்வின் முதல் செட்டில்தான்.

நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கழுத்து கடுகடுக்கிறவர்கள் சாயங்காலம் ஒரு மூன்று நிமிடச் சுவர் நாற்காலி போட்டுப் பார்க்கலாம். கொஞ்ச நேரத்துக்குக் கழுத்து லேசாகும். கழுத்தின் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

மாதக்கணக்கில் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓட்டம், சைக்கிள் போன்ற மூச்சு வாங்கும் பயிற்சிகளில் தெளிவான விடை இருக்கிறது. 2014-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், வாரம் மூன்று நாள் வீதம் 6 வாரம் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு வலி தொடங்கும் புள்ளி மாறவே இல்லை. ஆனால் தாங்கும் எல்லை உயர்ந்தது. விளையாட்டு வீரர்களைச் சாதாரண மக்களோடு ஒப்பிட்டு அதே 2012-இல் வந்த வேறொரு தொகுப்பிலும் இதே கதைதான்: தாங்குவதில் வீரர்கள் தெளிவாக மேல், தொடங்கும் புள்ளியில் அப்படி இல்லை. நார்வேயின் ட்ரோம்சோ நகரில் 10 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் குளிர்ந்த நீரில் கையை வைக்கச் சொல்லிச் செய்த நீண்டகால ஆய்வில், உடலுழைப்பு கூடியவர்கள் கூடுதல் நேரம் கையை வைத்திருந்தார்கள். ஆகவே வாரத்தில் இரண்டு நாள் எடையோடு, இரண்டு மூன்று நாள் வேக நடையையோ சைக்கிளையோ சேர்த்துக்கொள்ளுங்கள். நோட்டில் முதல் எண் மாதங்கள் கழித்தும் அதே 3 கிலோவில் நின்றால் பயிற்சி வீணாயிற்று என்று அர்த்தம் இல்லை. மாறுவது அந்த எண் அல்ல.

படி 8: இதைப் படிக்காத ஒருவரைப் பிடியுங்கள்

ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. இந்தக் கட்டுரையைப் படித்ததே உங்கள் எண்களைக் கொஞ்சம் கெடுத்துவிட்டது. பயிற்சி வலியைக் குறைக்கும் என்று முன்கூட்டியே விளக்கிச் சொல்லப்பட்டவர்களுக்குச் சொல்லப்படாதவர்களைவிட அதிகமாகக் குறைகிறது என்று 2017-இல் ஒரு சோதனை காட்டியது. 2020-இல் டென்மார்க்கில் இதே 3 நிமிடச் சுவர் நாற்காலியை வைத்துப் பார்த்தார்கள். ‘இதற்குப் பிறகு வலி கூடும்’ என்று சொல்லிவிட்டுச் செய்ய வைத்தவர்களுக்குத் தொடையில் வலி உணர்வு நிஜமாகவே கூடியது. வாயால் சொன்ன ஒரு வாக்கியம் தசையின் உணர்வைத் திருப்பிவிட்டது. அன்றைக்கு என் ட்ரெய்னர் தம்பி ‘வலிக்குதா, வலிக்குதா’ என்று கேட்டதற்குப் பதில் வேறு ஏதாவது பேசியிருக்கலாம்.

அதனால் வீட்டில் ஆரோக்கியமான, இதைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரைப் பிடித்து, காரணம் சொல்லாமல் அளந்து பாருங்கள். தராசின் எண் அவர் கண்ணில் படாதபடி ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு, ‘வலிக்க ஆரம்பிச்சதும் சொல்’ என்று மட்டும் சொல்லுங்கள். நான் பிடித்தது என் தம்பியை. முதலில் சும்மா உட்கார வைத்து இரண்டு தடவை, பிறகு சுவரில் நிறுத்தி ஒரு தடவை. இரண்டே கால் நிமிடத்தில் சரிந்து தரையில் உட்கார்ந்தவன், மூச்சு வாங்கிக்கொண்டே விரலை ரப்பரில் வைத்தான். அட்டைக்குப் பின்னால் எண் ஏறிக்கொண்டே போனது. முன்பு ‘வலிக்குது’ என்ற இடத்தைத் தாண்டி இன்னும் அரைக் கிலோ போனபோது நிமிர்ந்து பார்த்து, ‘என்னண்ணே, ரப்பரை மாத்திட்டியா?’ என்றான்.